உபினில் நடந்தபோது எதிரே வந்தது எது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நடைக்காரன்

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் ஒரு காட்டுப்பன்றி என் முறுக்கைத் தின்றுவிட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதனால்தான் இந்த இழை.

காலை ஏழு மணிக்கெல்லாம் சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குப் போய்விட்டேன். தெரிந்ததுதானே, 12 பேர் சேர்ந்தால்தான் பம்போட் என்கிற சின்னப் படகு கிளம்பும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தக் கரை. சைக்கிள் கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். நடக்கப் போகிறேன் என்றதும் பாவம் என்பது போல் பார்த்தார்கள். தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் செக் ஜாவா சதுப்புக் கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பழைய ரப்பர் மரம், தென்னை, நடுவில் ஒன்றிரண்டு கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடு என்று பெரும்பாலும் நிழலிலேயே போகலாம்.

செக் ஜாவா வாசலில், சைக்கிள்களை நிறுத்துகிற இடத்தருகே உட்கார்ந்து முதுகுப்பையைத் திறந்தேன். முறுக்கு பிளாஸ்டிக் பையில் இருந்தது. அது சரசரத்ததுதான் தாமதம், புதருக்குள்ளிருந்து ஒரு தாய்ப்பன்றி வந்தது. பின்னாலேயே ஐந்து குட்டிகள், முதுகில் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வரி வரியாக. தாய் பாயவும் இல்லை, உறுமவும் இல்லை. கடைக்குச் சாமான் வாங்க வந்த ஆள் போல நிதானமாக வந்து, என் சப்பாத்தை முகர்ந்து ஈரமாக்கிவிட்டு, பையின் ஒரு முனையைக் கவ்வியது. மறுமுனை என் கையில். மூன்று வினாடி இழுத்துப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அது கடித்த சத்தம், வீட்டில் அப்பா முறுக்குக் கடிக்கிற சத்தமேதான்.

காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. பறிகொடுத்தவனுக்கு இல்லை என்று நம்புகிறேன்.

யீஷுன் அக்கா

தம்பி, பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொண்டு உபினில் நடக்கவே கூடாது. பன்றிக்கு மட்டுமில்லை, குரங்குக்கும் அந்தச் சத்தம் மனப்பாடம்.

நான் இருவாச்சிப் பறவை பார்த்த கதையைச் சொல்கிறேன். பத்து வருடம் சைக்கிளில்தான் போய் வந்தேன். ஒரு தடவைகூட உருப்படியாக எதையும் பார்த்ததில்லை, முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு சைக்கிள் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெதுவாக நடந்தபோதுதான் ஒரு மரத்தடியில் கொட்டைகளும் எச்சமும் குவிந்து கிடந்ததைக் கவனித்தேன். அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் ஒரு பொந்து. வாய் முழுக்க மண் பூசி அடைத்து, விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. பெண் பறவை உள்ளே போய்த் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு முட்டையிடும் என்று படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றுதான்.

முக்கால் மணி நேரம் நின்றேன். ஆண் வந்தது. அலகில் ஒன்றுமே இல்லை, ஏமாற்றமாகிவிட்டது. பார்த்தால் தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து, அலகின் நுனியில் பிடித்து, அந்தக் கீறல் வழியாக நீட்டுகிறது. ஒன்பது வரை எண்ணினேன். உள்ளிருந்து வெள்ளை அலகு நுனி மட்டும் எட்டி வாங்கிக்கொண்டது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்த மாதிரி இருந்தது, போங்கள்.

சிங்கப்பூரில் இல்லாமலே போயிருந்த பறவை இது. 1994இல் உபினில்தான் ஒரு ஜோடி திரும்பத் தென்பட்டது. இப்போது நம் அடுக்குமாடி புளோக்குப் பக்கமே பறக்கிறது.

இரண்டு சக்கரம்

அக்கா, சைக்கிளை இப்படித் திட்டினால் எப்படி? ஒரே நாளில் கிழக்கே செக் ஜாவா, மேற்கே கெத்தாம் சைக்கிள் பூங்கா இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் நடந்து கட்டுபடியாகாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்ததிலேயே பெரிய காட்சி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் புவாக்கா குன்றில் ஏறியபோதுதான் கிடைத்தது. உயரம் வெறும் 74 மீட்டர். அதற்கே மூச்சு வாங்கியது. உச்சிக்கு நேர் கீழே பழைய கல் குவாரி, பச்சைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கிற ஜொகூர் பாலத்துக்கே இந்தத் தீவின் கருங்கல் போனது. 1999இல் கடைசிக் குவாரியும் மூடிவிட்டார்கள். நான் நின்ற இடத்துக்குக் கீழே ஒரு கடற்கழுகு வட்டமிட்டது. கழுகின் வயிற்றை எல்லாரும் பார்த்திருப்போம், முதுகைப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஒரு எச்சரிக்கை. வேலியைத் தாண்டி விளிம்பில் போய்ப் படம் எடுக்காதீர்கள். அன்று அப்படி ஒருவரைப் பார்த்து எனக்குத்தான் கால் நடுங்கியது.

மகள் வீட்டு விருந்தாளி

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். மகளைப் பார்க்க வந்தவன். மருமகன் உபினுக்குக் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் "மாமா, இங்கே காட்டுப்பன்றி வரும், பயப்படாதீர்கள்" என்றார். எங்கள் ஊரில் ஒரே ராத்திரியில் கிழங்குக் கொல்லையை உழுதுபோட்டுவிட்டுப் போகிற சாதி அது, எனக்கா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பன்றி வந்தது. மருமகன்தான் மகளுக்குப் பின்னால் போய் நின்றார். (அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

எனக்கு அதிசயமாக இருந்தது வேறொன்று. மேற்குப் பக்கம் ஒரு சின்ன மஞ்சள் கோயில். ஜெர்மன் பெண் கோயில் என்றார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் குவாரியில் விழுந்து இறந்துபோன பெண்ணாம். சாமி இடத்தில் பார்பி பொம்மை. முன்னால் சீப்பு, கண்ணாடி, முகப்பவுடர், நகச்சாயம், வாசனைத் திரவியம். எங்கள் பக்கம் கன்னியாகச் செத்துப்போன பெண்ணுக்கு வளையலும் பாவாடையும் வைத்துக் கும்பிடுவோம். அப்படியேதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.

சதுப்புப் பித்து

ஐயா, அருமை. நான் செக் ஜாவாக்காரி, அதைப் பற்றித்தான் எழுதுவேன். நீங்கள் எல்லாரும் அதன் வாசலோடு நின்றுவிட்டீர்களே!

2001இல் அந்த இடத்தை மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் கூட்டமாகப் போனோம். அப்போது நடைபலகை எல்லாம் கிடையாது. வற்றத்தில், அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தில், சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை போகும். கம்பளம் மாதிரி விரிந்த கடற்சாமந்திகள், கையகல நட்சத்திர மீன்கள், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு "வா வா" என்று ஆட்டுகிற நண்டுகள். கடைசியாகப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தோம். அந்த வருட இறுதியில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது 2007 ஜனவரி. அடைமழை. ஜொகூர் ஆற்றின் நன்னீர் மொத்தமும் கடலில் கலந்து உப்பு குறைந்துபோனது. வற்றத்தில் போய்ப் பார்த்தால் சாமந்திகள் வெளுத்து, நட்சத்திர மீன்கள் செத்து, நாற்றம் தாங்கவில்லை. மண் கொட்டாமல் காப்பாற்றிய இடத்தை மழை கொன்றுவிட்டதே என்று அழுதேன். அதே வருடம்தான் ஒரு கிலோமீட்டர் நீள நடைபலகையைத் திறந்தார்கள். உயிர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

போகிறவர்கள் வற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீர்தான். நடைபலகையில் முழங்கையை ஊன்றி நின்று பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வரும். பக்கத்தில் இருக்கும் 1930களின் ஆங்கிலேய பாணி வீட்டையும் பார்த்துவிடுங்கள். பூமத்திய ரேகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், குளிர்காய ஒரு கணப்பு வைத்துக் கட்டியிருக்கிறார் அந்த மனிதர்!

ராத்திரிக் கூடாரம்

உபினின் ஜெலுத்தோங் முகாமில் கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் யாரும் இல்லையா? இருட்டியதும் "டொக், டொக்" என்று யாரோ மரத்தில் தட்டுகிற மாதிரி சத்தம். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பக்கத்துக் கூடாரத்து மலாய் அண்ணன் சிரித்துக்கொண்டே "புரோங் துக்காங் குபோர்" என்றார். கல்லறை தோண்டுகிற பறவை என்று அர்த்தமாம். அதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். பக்கி என்று நம் ஊரில் சொல்கிற பறவைதான் அது. விளக்கடித்துப் பார்த்தபோது பாதையில் சருகோடு சருகாக உட்கார்ந்திருந்தது, கண் மட்டும் தீக்கங்கு மாதிரி.

ராத்திரி முழுக்கக் கூடாரத்தைச் சுற்றிப் பன்றிகளின் மூச்சு வேறு. எங்களிடம் முறுக்கு இல்லை.

நடைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன், இந்தத் தடவை இறுக்க மூடிய டப்பாவில் இட்லி. பன்றியைக் காணவில்லை. திரும்பும்போது படகுக்கு 11 பேர்தான் சேர்ந்தோம். பன்னிரண்டாவது ஆளின் 4 வெள்ளியை யார் கொடுப்பது என்று எல்லாரும் கடலைப் பார்த்தபடியே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

யீஷுன் அக்கா

அது கிடக்கட்டும் தம்பி, அந்த முறுக்கு எந்தக் கடை? பன்றியே தேடி வந்திருக்கிறதே.

நடைக்காரன்

அம்மா சுட்டது அக்கா. நன்றாக இருந்ததா என்று கேட்டார். மிச்சமே இல்லை என்றேன்.