பிள்ளை மிச்சம் வச்ச சோத்த மாசமா இருக்கறவ சாப்பிடலாமா?

கேள்வி, திருத்துறைப்பூண்டி பக்கம்:
எனக்கு இப்ப மூணு மாசம், மூத்தவனுக்கு ரெண்டரை வயசு, அங்கன்வாடி போறான். அவன் தட்டுல மிச்சம் வைக்கிற ரசஞ்சோத்த வீணாக்க மனசு வராம நான்தான் வழிச்சு சாப்பிடுவேன். நேத்து செக்கப்புல நர்சம்மா கூடவே கூடாதுன்னாங்க, மாமியாரு "பெத்த புள்ள எச்சில்ல என்னடி இருக்கு"ங்கிறாங்க. யார் சொல்றது சரி?

பதில், கும்பகோணம்:
நர்சம்மா சொன்னதுதான்மா சரி. சைட்டோமெகலோன்னு ஒரு வைரஸ், சின்னப் பிள்ளைங்க எச்சில்லயும் மூத்திரத்துலயும் மாசக்கணக்கா இருக்கும், அதுங்க பாட்டுக்கு ஓடியாடி விளையாடும், நமக்கு வந்தாலும் லேசா காய்ச்சலடிச்சு போயிரும், ஆனா வயித்துப் பிள்ளைக்குப் போச்சுன்னா காது கேக்காம போகலாம். இதுக்கு இன்னும் தடுப்பூசி இல்ல. ஜட்டி மாத்தினாலோ மூக்கு சிந்தி விட்டாலோ சோப்பு போட்டு 20 நொடி கை கழுவு. முத்தம் உச்சந்தலையில குடு, வாய்ல வேணாம். பிள்ளைய ஒதுக்கி வைக்கவெல்லாம் வேண்டாம், ஏங்கிப் போயிரும்.

பதில், மன்னார்குடி:
கொல்லையில பூனை வந்து போற வீடா இருந்தா கீரைப்பாத்திய வெறுங்கையோட கிளறாத, பூனைக் கழிவுல வர்ற டாக்ஸோபிளாஸ்மாங்கிற கிருமி மண்ணுல கிடக்கும், வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. கறியிலயும் அது இருக்கலாம், நல்லா வேகட்டும். எங்க அக்காவுக்கு ரெண்டாம் மாசத்துல ரூபெல்லாங்கிற அம்மை வந்து, பிள்ளை கண்ணுல புரையோட பொறந்துச்சு. அதுக்கான தடுப்பூசி கர்ப்பத்துக்கு முன்னாடியே போட வேண்டியது, மாசமானப்புறம் போடக்கூடாது, யாரும் அவளுக்கு சொல்லல, இப்பவும் நெனச்சா வயிறு எரியுது.

கேட்டவர்:
ரொம்ப நன்றிக்கா. இன்னிக்கு மிச்சச் சோறு கோழிக்குப் போயிருச்சு.