ரோபோவுக்கும் பிஎல்சிக்கும் இடையே தொடர்பு அடிக்கடி அறுகிறது, உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மூட்டை அடுக்கும் ரோபோவும் பிஎல்சியும் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஈதர்நெட்/ஐபி என்ற தொழிற்சாலை நெட்வொர்க் நெறிமுறை வழியாகப் பேசுகின்றன. மூன்று நாளாக வேலைக்கு நடுவில் தொடர்பு அறுந்து, ரோபோ மூட்டையைத் தூக்கியபடியே நின்றுவிடுகிறது. அறுவடை நேரம், நெல் லொறிகள் வாசலில் காத்து நிற்கின்றன.

பிங் (மறுபக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் ஒழுங்காகப் பதில் வருகிறது. ஐபி முகவரி வேறெதோடும் மோதவில்லை. அசெம்பிளி எண்களும் (பரிமாறும் தரவுத் தொகுப்புகளின் எண்கள்) பைட் அளவும் இரு பக்கமும் பொருந்துகின்றன. பொருந்தாவிட்டால் தொடர்பு தொடங்கியே இருக்காது. ஆனால் தொடர்பை ஏற்படுத்துவது டிசிபி போர்ட் 44818, உள்ளீடு வெளியீட்டுத் தரவு ஓடுவதோ யூடிபி போர்ட் 2222; பிங் இந்த இரண்டையும் சோதிப்பதில்லை. அதனால் பிங் சரியென்று நிம்மதியடைய முடியவில்லை.

என் சந்தேகம் கேபிளில்தான். நெட்வொர்க் கேபிளும் கன்வேயர் மோட்டருக்கான இன்வெர்ட்டர் (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கேபிளும் ஒரே தட்டில் போகின்றன. கன்வேயரை நிறுத்திவிட்டு இரவு முழுக்க விட்டுப் பார்த்தேன், ஒருமுறைகூட அறவில்லை. ஆர்பிஐயை (தரவு அனுப்பும் இடைவெளியை) 10 மில்லி செக்கனிலிருந்து 50 ஆக்கியதும் அறுவது குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம், சிசிடிவி கமராக்களும் அதே சாதாரண சுவிட்சில்தான் இருக்கின்றன.

ஷீல்டு கேபிள் போட்டால் எர்த்தை ஒரு முனையில் கொடுப்பதா, இரண்டிலுமா? கமராக்களை முதலில் பிரிக்கவா? கல்முனையிலோ மட்டக்களப்பிலோ மிரர் போர்ட் (வேறு போர்ட்டில் ஓடும் தரவின் நகலைத் தரும் போர்ட்) உள்ள சுவிட்ச் யாரிடமாவது இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள். வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளில் பார்த்தால் எந்தப் பக்கம் முதலில் மௌனமாகிறது என்று தெரிந்துவிடும்.