பட்டறையில் விளக்கைப் போட்டால் திருச்சி வானொலி காணாமல் போகிறது

பீன்யா லேத்காரன்:

பெங்களூரு பீன்யாவில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், என்னையும் சேர்த்து நான்கு பேர். சொந்த ஊர் லால்குடிப் பக்கம். இங்கே வந்து இருபத்தாறு வருடமாகியும் விடாத பழக்கம் ஒன்று உண்டு: பொழுது சாய்ந்ததும் திருச்சி வானொலி கேட்பது. மத்திய அலை, 936 கிலோஹெர்ட்ஸ். பகலில் இங்கே அது வெறும் முணுமுணுப்பு. இருட்டிய பிறகுதான் அலை வானத்தில் பட்டுத் திரும்பி இவ்வளவு தூரம் வந்து விழும்.

வம்பும் அங்கேதான். திருச்சி வந்து சேரும் நேரமும் நான் விளக்குப் போடும் நேரமும் ஒன்று.

தீபாவளிக்கு முன்னால், சோக் வைத்த பதினான்கு டியூப்லைட்டுகளையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. குழல்கள் மாட்டினேன். வெளிச்சத்தில் குறையில்லை, மின்கட்டணமும் இறங்கியது. ஆனால் சுவிட்சைத் தட்டினால் போதும், ரேடியோவில் கொர்ர்ர் என்று மாவு மில் ஓடுகிறது. பெங்களூரு நிலையம் 612இல் அதையும் மீறிப் பேசுகிறது. சென்னை 720 பாதி கேட்கிறது. திருச்சி அடியோடு இல்லை. பண்பலையில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் பண்பலையில் திருச்சி வராதே.

செய்து பார்த்தவை: மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வேறு ரேடியோ வாங்கினேன், அதுவும் அதே பாட்டுத்தான். ரேடியோவைச் சுற்றி அலுமினியத் தாளை மடித்துப் பார்த்தேன். இரைச்சலோடு நிலையமும் போய்விட்டது. எலெக்ட்ரீஷியனோ இந்தக் காலத்தில் யார் சார் ரேடியோ கேட்கிறார்கள் என்கிறார். அது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். எண் காட்டும் ரேடியோ என்பதால் மெதுவாகத் திருகிக் குறித்து வைத்தேன். இரைச்சல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஏறத்தாழ 62 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை மேடு தட்டுகிறது. விளக்குப் போட்டவுடன் ஒரு மேடு 930 பக்கம் இருக்கும். பிறகு நத்தை மாதிரி நகர்ந்து, ஐந்து நிமிடத்தில் சரியாக 936இன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இது என்ன விரோதம்?

அல்சூர் பழைய வால்வு:

தம்பி, விரோதம் இல்லை, கணக்கு. 62.4ஐ 15ஆல் பெருக்கிப் பாருங்கள்.

எல்.இ.டி. விளக்குக்கு வீட்டு மின்சாரம் நேரடியாக ஆகாது. குழலின் நுனியில் ஒரு சிறிய பலகை இருக்கிறது. அது மின்சாரத்தை நேராக்கி, நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அளந்து கொடுக்கிறது. உங்கள் குழல் அறுபத்திரண்டாயிரம் சொச்சம் முறை வெட்டுகிறது. அப்படி வெட்டும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பதினைந்து மடங்கு என்று எல்லா மடங்கிலும் சிதறல் எழும். சூடேறும்போது வெட்டும் வேகம் சற்றே மாறும். அதனால்தான் மேடு நகர்கிறது. மத்திய அலையில் ஒலி, வானொலி அலையின் உயரத்தில் ஏறி வருவதால், இந்தச் சிதறலும் சேர்ந்து காதில் விழுகிறது. பண்பலை இருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அங்கே போய்ச் சேர்வதற்குள் சிதறல் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

நாற்பது வருடம் ரேடியோ பழுது பார்த்தவன் சொல்கிறேன்: அந்த ரேடியோவைத் தூக்கிப் போடாதீர்கள், திருடனைப் பிடிக்கும் நாய் அதுதான். பேட்டரியில் ஓடவிட்டு, எந்த நிலையமும் பேசாத எண்ணுக்குத் திருப்பி, மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மெயின் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். இரைச்சல் நின்றால் திருடன் உங்கள் கூரைக்குள்ளேயே இருக்கிறான். பிறகு எல்லாக் குழல்களையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்; கழற்றும்போதும் மாட்டும்போதும் மின்சாரம் நிற்க வேண்டும். பதினான்கும் கத்தாது என்பது என் ஊகம்.

இன்னொன்று. ரேடியோவுக்குள் ஒரு கறுப்புத் தண்டில் கம்பி சுற்றியிருக்கும், அதுதான் ஏரியல். தண்டின் நுனி நோக்கும் திசையிலிருந்து வருவது அதற்குக் கேட்காது. ரேடியோவை மெல்லச் சுழற்றினால் ஓரிடத்தில் இரைச்சல் படுக்கும். அந்தத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராஜாஜிநகர் ரவுண்டு:

எதற்கு இத்தனை ஆராய்ச்சி? பழைய சோக் டியூப்லைட்டையே திரும்ப மாட்டிவிடுங்கள். எங்கள் அப்பா காலத்தில் ரேடியோ கேட்கவில்லையா?

பீன்யா லேத்காரன்:

ரவுண்டு சார், லேத்துக்கு மேலே சோக் டியூப்லைட் வேண்டவே வேண்டாம், அனுபவித்தவன் சொல்கிறேன். நம் மின்சாரம் 50 சுழற்சி. சோக் வைத்த குழல் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். வேலைத்துண்டைக் கவ்விச் சுழலும் மூன்று தாடை சக் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால் நொடிக்குச் சரியாக 100 தாடை கண்ணைக் கடக்கும். நான்கு தாடை என்றால் 1500 சுற்றிலேயே. பார்க்கிறவனுக்கு சக் நின்றுவிட்டது போல் இருக்கும். முந்தின பட்டறையில், ஓடுகிற சக்கை நின்றதென்று நினைத்து ஒரு பையன் சாவியை எடுத்துக்கொண்டு கையை நீட்டிவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். பித்தான் மூன்று தெறித்ததோடு போயிற்று. ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியட்டும் என்று, அன்றைக்கே அந்த வரிசையின் குழல்களை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டோம். இந்தக் கொட்டகைக்கு ஒரே ஃபேஸில்தான் விளக்கு ஓடுகிறது. ஆகவே திரும்பிப் போகும் பேச்சில்லை.

வால்வு ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏணியில்தான். மெயினை இறக்கியதும் 936இல் திருச்சி, கிணற்றுத் தண்ணீர் மாதிரி! பிறகு ஒவ்வொரு குழலாக மாட்டினேன். முதலில் வாங்கிய பத்தும் யோக்கியம். ரேடியோவை ஒரு முழத்துக்குள் கொண்டுபோனால்தான் லேசாகச் சீறுகின்றன. பின்னால் வாங்கிய நான்குதான் மாவு மில். பத்தோடு சரக்கு தீர்ந்துவிட்டதென்று, எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கியவை.

கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வோர் இனத்திலும் ஒன்றைக் கழற்றி மேஜையில் வைத்து, நுனி மூடியைத் திறந்தேன். பலகை இரண்டும் விரல் நீளம்தான். நல்லதில், மின்சாரம் நுழைகிற இடத்திலேயே இரட்டைச் சுற்று போட்ட குட்டிச் சுருள் ஒன்று, பக்கத்தில் மஞ்சள் டப்பி போல ஒரு கண்டென்சர். மலிவானதில் இரண்டுமே இல்லை. இல்லை என்றால் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பலகையில் 'சி.எக்ஸ்.1' என்று அச்சிட்டு, துளையும் போட்டு, காலியாக விட்டிருக்கிறார்கள். 'எல்.1' என்ற இடத்தில் சுருளுக்குப் பதிலாக வெட்டிப் போட்ட ஒரு துண்டுக் கம்பி. பற்றவைப்பு மட்டும் வெகு அழகு.

வரைந்தவன் ஒழுங்காக வரைந்திருக்கிறான், செய்தவன் பறித்துக்கொண்டான். லேத்தில் இப்படி ஒரு வேலையை அனுப்பினால் வண்டியோடு திருப்பி அனுப்புவார்கள்.

கோவைக் கம்பிச்சுருள்:

அண்ணா, நான் மின்னணுப் பொருள்களின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன், ஒயிட்ஃபீல்டு பக்கம். நீங்கள் கண்ட அந்தச் சுருளும் கண்டென்சரும்தான் வடிகட்டி. விளக்குகள் மின்கம்பி வழியே எவ்வளவு இரைச்சலைத் திருப்பி அனுப்பலாம் என்பதற்குச் 'சிஸ்பர் 15' என்று ஒரு பன்னாட்டுத் தரம் இருக்கிறது. கம்பி வழி அளவீடு 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை. மத்திய அலை முழுவதும் அதற்குள் அடங்கும். அந்த இரண்டு உறுப்பு இல்லாத குழல் அதில் தேறுவது கடினம்.

தயவுசெய்து காலி இடத்தில் நீங்களே கண்டென்சர் வைத்துப் பற்றவைக்காதீர்கள். அங்கே மின்கம்பிக்கு குறுக்கே வைப்பதற்கென்றே செய்த எக்ஸ்2 வகைதான் வைக்க வேண்டும். சாதாரணமானது பழுதானால் தீப்பிடிக்கலாம். நான்கையும் மாற்றிவிடுவதே மலிவு.

மாற்றிய பிறகும் மிச்சம் இருந்தால் கம்பிப் பாதையைப் பாருங்கள். இரைச்சலை உண்டாக்குவது குழல், ஊருக்கு ஒலிபரப்புவது கம்பி. ஃபேஸ் ஒரு சுவரோரமாகவும் நியூட்ரல் எதிர்ச் சுவரோரமாகவும் போயிருந்தால், நடுவில் உங்கள் பட்டறை அளவுக்கு ஒரு ஏரியல் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து இழுக்கச் சொல்லுங்கள்.

கம்பியில் வரும் இரைச்சலை அடக்க ஃபெரைட் வளையம் போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். கம்பியில் கவ்வும் சின்ன உருளை, மத்திய அலைக்கு அனேகமாகப் பயன்படாது. பெரிய வளையத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எட்டுப் பத்துச் சுற்றுப் போட வேண்டும். சுற்று இரட்டித்தால் பலன் ஏறத்தாழ நான்கு மடங்கு. பழைய கணினிப் பெட்டியில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையத்தை எடுத்துவிடாதீர்கள். அது இரும்புத்தூள், இந்த வேலைக்கு ஆகாது.

அல்சூர் பழைய வால்வு:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. என் பங்குக்கு ஒன்று: அறுபது சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தில் பன்னிரண்டு சுற்றுக் கம்பி, அதன் இரு முனைக்கும் நடுவில் பழைய ரேடியோவில் நிலையம் மாற்றத் திருகும் கேங் கண்டென்சர். ரேடியோவை அதன் பக்கத்தில் வைத்து, கண்டென்சரைத் திருகினால் போதும், இணைப்பே வேண்டாம். திருச்சி எழும்பி வரும். சட்டத்தைச் சுழற்றி இரைச்சலையும் அமுக்கலாம்.

பீன்யா லேத்காரன்:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான்கையும் கழற்றி, பில்லோடு நான்கு வாங்கி மாட்டினேன். முக்கால்வாசி சத்தம் அன்றே போயிற்று. நியூட்ரல் கம்பி தம்பி சொன்னபடியே எதிர்ச் சுவரில்தான் போயிருந்தது. எலெக்ட்ரீஷியன் முணுமுணுத்துக்கொண்டே சேர்த்து இழுத்தார். வேலை முடிந்ததும் அவரே ரேடியோவைக் காதில் வைத்து, "ஆமாம் சார், குறைந்திருக்கிறது" என்றார். இதற்கும் கூலி வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் ஒரு மெல்லிய கிர்ர் மிச்சம் இருந்தது. அதைத் தேடி இரண்டு நாள். கடைசியில் பார்த்தால், பையன்களின் கைப்பேசி சார்ஜர், ரேடியோ வைக்கும் அலமாரிக்குப் பின்னாலேயே. அதை வாசல் பக்கம் மாற்றினேன். ரேடியோவையும் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய், உள்ளே இருக்கும் தண்டின் நுனி விளக்கு வரிசையை நோக்கும்படி திருப்பி வைத்தேன். நேற்று மாலைச் செய்தி ஒரு சொல் விடாமல் கேட்டது. வால்வு ஐயாவின் சட்டத்துக்கு மரம் அறுத்து வைத்திருக்கிறேன். கேங் கண்டென்சர்தான் தேட வேண்டும்.

இன்னும் ஒரு சங்கதி. பக்கத்துக் கொட்டகைக்காரர், நம் ஊர்க்காரர்தான், டீ குடிக்க வந்தார். விளக்கை அண்ணாந்து பார்த்து, தானும் அடுத்த வாரம் எல்.இ.டி. மாற்றப்போவதாகவும் பாதி விலைக்குப் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். எங்கே என்று கேட்டேன். அதே கடை. இருபது குழல். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான்.

திறந்து வைத்த பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கிறார்.