மலிவு ட்ரோனின் உயர வரைபடத்தில் இல்லாத மேடு தெரிகிறது: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரி எனப்படும் செம்மணல் நிலத்தில் மழைநீர் அரித்த ஓடைகள் ஆண்டுதோறும் எவ்வளவு ஆழமாகின்றன என்பதை ஆய்வுக்காக அளந்து வருகிறேன். 249 கிராம் ட்ரோனை 60 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டு, கேமராவை நேர்கீழாக வைத்து, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 80 விழுக்காடு கவியுமாறு எடுத்து, படங்களிலிருந்து உயர வரைபடம் உருவாக்கும் வெப்ஓடிஎம் மென்பொருளில் இணைத்தேன். கிடைத்த வரைபடத்தில் நடுப்பகுதி ஓரங்களைவிட அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. நேரில் நடந்து பார்த்தால் அங்கே மேடே இல்லை. நான் தேடுவதோ பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மாற்றம். தன் இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அறியும் ஆர்டிகே ட்ரோன் வாங்க நிதி இல்லை. கையில் இருப்பதைக் கொண்டே நம்பத்தக்க அளவு பெற வழியுண்டா?

பதில் 1:

உண்டு, உங்கள் ட்ரோனிலும் பழுதில்லை. எல்லாப் படங்களும் நேர்கீழாகவே பார்க்கும்போது, லென்ஸால் வரும் வளைவு எது, நிலத்தின் வளைவு எது என்று மென்பொருளால் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் சமநிலமும் கவிழ்த்த தட்டுப்போல வீங்கிவிடுகிறது. முதல் பறப்புக்குக் குறுக்காக, கேமராவை 20 முதல் 30 பாகை வரை சாய்த்து, அதே நிலத்தை இன்னொரு முறை படமெடுத்துச் சேருங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றமே பெரும்பாலான வீக்கத்தைப் போக்கிவிடும்.

அடுத்து, தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்; அதாவது, நிலத்தில் குறியிட்டு, இடமும் உயரமும் துல்லியமாக அளந்து வைக்கும் புள்ளிகள். ட்ரோனின் சொந்த ஜிபிஎஸ் உயரம் மீட்டர் கணக்கில் பிசகும். நிதியைப் புது ட்ரோனில் போடுவதைவிட, இந்தப் புள்ளிகளை அளக்க இரட்டை அலைவரிசை ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள்வழி இடமறியும்) கருவிகள் இரண்டில் போடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. புள்ளிகளை ஓரங்களில் மட்டுமன்றி நடுவிலும் ஓடையின் அடியிலும் வையுங்கள். நான்கைந்தை மென்பொருளிடம் கொடுக்காமல் வைத்திருந்து, முடிவைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்; அந்தச் சோதனை இல்லாத வரைபடத்தை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

பதில் 2:

தேரியில் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன். உச்சி வெயிலில் செம்மணல் ஒரே நிறமாக வெளுத்துப்போவதால், படங்களுக்கிடையே பொருத்திப் பார்க்க மென்பொருளுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. காலை ஒன்பது மணியளவில் காற்று வரைந்த மணல்வரிகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். அதற்கும் முன்னே பறந்தால் ஓடைக்குள் நிழல் அடைத்துக்கொள்ளும்.

புள்ளிக் குறிகளுக்குப் பழைய பிளெக்ஸ் பேனரை அரை மீட்டர்ச் சதுரமாக வெட்டி, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம் தீட்டி, மூலைக்கொரு முளையடித்தோம். ஓரத்தில் மணல் ஏறிவிடும் என்பதால் பறக்கவிடும் முன் ஒவ்வொன்றையும் கையால் துடைக்க வேண்டியிருந்தது. ஆண்டுகளை ஒப்பிடுவதற்கான நிலைப்புள்ளியை மணலில் நடாதீர்கள். பாலத்தின் அடித்தளம் போன்ற அசையாத இடத்தில் குறியுங்கள். ஆடிக் காற்றில் இவ்வளவு எடை குறைந்த ட்ரோனை ஏற்றவே வேண்டாம்.

பதில் 3:

ஒரு சொல் மட்டும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்படாத நானோ வகையை இயக்க விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் வாகைக்குளத்தில் விமான நிலையம் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளமும் அமைகிறது. எனவே ஒவ்வொரு முறையும், ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையிடம் முன்னரே எழுத்துவழி அனுமதி பெறுங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பழைய படங்களோடு சாய்கோணப் படங்களையும் சேர்த்து இந்த வாரமே மீண்டும் இணைக்கிறேன். ஒதுக்கிவைக்கும் புள்ளிகளில் வரும் பிழையளவை இதே இழையில் பதிகிறேன்.