தீயணைப்பு வீரரின் புற்றுநோயும் இழப்பீடும் ஓய்வூதியமும்: கலிபோர்னியாவில் எங்கள் அனுபவம்

வைகைக்கரையாள் எழுதியது:

என் கணவர் கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் உள்ள ஒரு நகரத்தின் தீயணைப்புத் துறையில் 1999-இல், தம் 27-ஆம் வயதில் சேர்ந்தார். இங்கே தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கும் தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆகவே எங்களுக்கு நேர்ந்ததை யாரிடம் கேட்பது, யாரோடு பகிர்வது என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகள் திண்டாடினோம். அந்தத் திண்டாட்டம் இன்னொரு குடும்பத்துக்கு வரக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2023 மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, 48 மணி நேரப் பணி முடிந்து வீடு திரும்பியவர் சிறுநீரில் இரத்தம் போவதாகச் சொன்னார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடல் சூட்டினால் வந்திருக்கும் என்று நினைத்து வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தபோதுதான் மருத்துவரிடம் போனோம். மூன்றே வாரத்தில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, ஆறு வாரங்களுக்கு வாரம் ஒரு முறை பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். நம் ஊரில் பிறந்த குழந்தைக்குக் கையில் போடும் அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான் அது. அவருடைய இடது தோளில் இருக்கும் வட்டத் தழும்பைப் பார்த்த செவிலியர், இது உங்களுக்குப் பழைய நண்பர் போலிருக்கிறதே என்று ஆறுதலாகச் சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

செய்தி கேட்டு அன்று மாலையே வீட்டுக்கு வந்த தொழிற்சங்கப் பிரதிநிதி, நலம் விசாரித்த கையோடு முதலில் கேட்டது, டி.டபிள்யூ.சி.-1 படிவம், அதாவது பணிக் காயத்துக்கு இழப்பீடு கோரும் படிவம், கொடுத்தாயிற்றா என்பதுதான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மருத்துவக் காப்பீடு இருக்கிறது, விடுப்பு இருக்கிறது, இழப்பீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று என் கணவர் தயங்கினார். கால் முறிந்தால், கூரை இடிந்து விழுந்தால் அது பணிக் காயம். புற்றுநோய் எப்படிப் பணிக் காயமாகும் என்பது அவருடைய எண்ணம். 24 ஆண்டு அந்தத் துறையில் இருந்தவருக்கே இந்தச் சட்டம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 3212.1 பிரிவு 1982 முதல் இருந்துவருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்திய ஏதேனும் ஒரு பொருள் பணிக்காலத்தில் தம்மைத் தாக்கியது என்று தீயணைப்பு வீரர் காட்டிவிட்டால், அவருக்கு வந்த புற்றுநோய் வேலையால் வந்தது என்றே அந்தப் பிரிவின்படி கொள்ளப்படும். தொடக்கத்தில், அந்தப் பொருளுக்கும் தமக்கு வந்த புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பையும் வீரரே நிறுவ வேண்டியிருந்தது. என் கணவர் வேலையில் சேர்ந்த அதே 1999-இல் கொண்டுவந்த திருத்தம்தான் அந்தச் சுமையை நிர்வாகத்தின் தோளுக்கு மாற்றியது. மறுக்க விரும்பினால், நோய் முதலில் எந்த உறுப்பில் தோன்றியது என்பதும், அதற்கும் அந்தப் பொருளுக்கும் ஏற்கத்தக்க தொடர்பு கிடையாது என்பதும் ஆதாரத்தோடு நிறுவப்பட வேண்டும். அதைச் செய்ய வேண்டியது நகர நிர்வாகம். ஆனால் இந்தச் சலுகை தானாக வந்து கதவைத் தட்டாது. படிவம் கொடுத்து, எந்தப் பொருள் எந்த நாளில் தாக்கியது என்று காட்டும் வேலை நம்முடையதாகவே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நாங்கள் சிக்கினோம். ஒவ்வொரு தீவிபத்துக்குப் பிறகும் தனிப்பட்ட பாதிப்புப் பதிவு ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று சங்கம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. என் கணவர் கடைசி ஆறு ஆண்டுகளுக்கு ஒழுங்காக எழுதியிருந்தார். அதற்கு முன்பு எழுதியது பத்துப் பன்னிரண்டுகூட இருக்காது. புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், முதல் 15 ஆண்டுகளின் விவரம்தான் தமக்கு முக்கியம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது சமையலறைக் காலண்டர். அமாவாசை, கிருத்திகை பார்ப்பதற்காக ஒவ்வொரு ஆண்டும் மதுரையிலிருந்து அம்மா அனுப்பும் மாதக் காலண்டரில், இவருடைய பணி நாள்களையும் நான் குறித்து வைப்பது வழக்கம். பணி நாளுக்கு 'ப' என்று போடுவேன். புகை வாடையோடு வீடு வந்த நாளில், அன்றைய துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதற்காக, 'பு' என்று சிவப்பு மையில் போடுவேன். அந்தக் காலத்தில் புகை படிந்த உடையைப் பெருமையாக நினைத்தார்கள். பாதுகாப்பு உடையைக்கூட வண்டியின் பின்னிருக்கையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். தீ அணைந்த பிறகு சுவரையும் கூரையையும் பெயர்த்துக் கனல் தேடும்போது மூச்சுக்கருவியைக் கழற்றிவிடுவதும் அன்றைக்குச் சாதாரணம். 2001 முதலான காலண்டர்களை நான் தூக்கிப் போடாமல் பரணில் சுருட்டி வைத்திருந்தேன். அவற்றிலுள்ள சிவப்புப் 'பு'க்களைத் தேதிவாரியாக எழுதிக் கொடுத்தேன். வழக்கறிஞர் அலுவலகம் அந்தத் தேதிகளுக்குரிய சம்பவ அறிக்கைகளைத் துறையிடம் கேட்டு வாங்கியது. குடியிருப்புத் தீ, டயர் கிடங்குத் தீ, கல்நார்த் தகடு வேய்ந்த பழைய ஆலைத் தீ என்று 140-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் வரிசையாக வந்து நின்றன. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, கல்நார், டீசல் புகை ஆகியவற்றின் பெயர்களையெல்லாம் அப்போதுதான் நான் எழுதப் பழகினேன்.

அப்படியும் 68-ஆம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது. கல்லூரிக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் சிகரெட் பிடித்ததாக ஒரு பழைய மருத்துவக் குறிப்பில் இருந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, நோய்க்குக் காரணம் அதுவே என்று இழப்பீட்டு நிர்வாகி எழுதியிருந்தார். புகைப்பழக்கம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் என்பது உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை. அன்று இரவு என் கணவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். தீக்குள் போன 24 ஆண்டுகளைவிட அந்த இரண்டு ஆண்டு சிகரெட்டுதான் கண்ணுக்குத் தெரிகிறதா என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வழக்கறிஞர் விளக்கிய பிறகே தெம்பு வந்தது. இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம் என்று சொல்வது மட்டும் இந்தச் சட்டத்தின்கீழ் மறுப்பாகாது. தீயணைப்புப் பணியில் பட்ட பொருளுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். அத்துடன், சாதாரண வழக்குகளில் வேலைக்கு இவ்வளவு, சொந்தப் பழக்கத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து நிரந்தர ஊனத் தொகையைக் குறைப்பார்கள். இந்தப் பிரிவின்கீழ் வரும் நோய்களுக்கு அந்தப் பங்குப் பிரிப்பும் கிடையாது. 2022 ஜூன் மாதத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் சேர்த்து, போதிய சான்று உள்ளவையாக இரண்டு புற்றுநோய்களைக் குறிப்பிட்டது. ஒன்று மீசோதீலியோமா எனும் நுரையீரல் உறை போன்ற உள்ளுறைகளில் வரும் புற்றுநோய், மற்றொன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய். எங்களை மதிப்பிட வந்த மருத்துவர் தம் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதை எழுதினார்.

2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 1127 (மாநில மேலவை மசோதா எண் 1127) சட்டத்தையும் சொல்ல வேண்டும். இத்தகைய கோரிக்கைகளை விசாரித்து முடிவெடுக்க முன்பு 90 நாள் இருந்தது. அதை 75 நாளாகக் குறைத்தார்கள். தகுந்த காரணமின்றிக் கோரிக்கையை மறுத்தால், தாமதமான தொகையைப் போல ஐந்து மடங்கு, உச்சவரம்பு 50,000 டாலர், தண்டமாகக் கொடுக்க வேண்டும். புற்றுநோய்க்கான தற்காலிக இயலாமைத் தொகையை 104 வாரத்திலிருந்து 240 வாரமாக உயர்த்தியதும் இதே சட்டம்தான். எங்கள் வழக்கறிஞர் தண்டத்தொகைக்கான மனுவைத் தயார் செய்து அனுப்பிய மூன்றாம் வாரத்தில் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. மருத்துவரின் அறிக்கையைவிட அந்த மனுவே அவர்களை அசைத்தது என்பது என் கணிப்பு. அதே தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 4850 பிரிவின்படி ஓராண்டு வரை முழுச் சம்பளம் உண்டு என்பதால், அதுவரை கழித்த நோய் விடுப்பு நாள்களையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் டிசம்பரில் நோய் திரும்பியது. 2024 ஜனவரியில் சிறுநீர்ப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டு, வயிற்றின் வலப்பக்கத்தில் பை பொருத்தினார்கள். மூச்சுக்கருவியின் இடுப்புப் பட்டை சரியாக அந்த இடத்தில்தான் அழுந்தும். ஒரு நாள் யாரும் இல்லாதபோது கேரேஜில் பழைய பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாட்டிவைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது அவருக்குத் தெரியாது.

இழப்பீடு ஏற்கப்பட்டுவிட்டால் ஓய்வூதியமும் அப்படியே அமைந்துவிடும் என்று நினைத்தோம். அது வேறு கதவு. பணிசார் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கால்பெர்ஸ் எனும் கலிபோர்னியப் பொதுப் பணியாளர் ஓய்வூதிய நிதியத்தில் சேர்ந்திருந்தாலும், நகரத் தீயணைப்பு வீரர் பணிக்கு இயலாதவரா என்பதை முடிவு செய்வது அந்த நகரமே. 25 ஆண்டுப் பணிக்கு, ஆண்டுக்குச் சம்பளத்தில் 3 விழுக்காடு வீதம், அவருக்குச் சாதாரண ஓய்வூதியமே 75 விழுக்காடு வந்துவிடும், பின் எதற்கு இன்னொரு விண்ணப்பம் என்று அலுவலகத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். அதைக் கேட்டு விட்டிருந்தால் இழப்பு எங்களுக்குத்தான். தொகை அதேதான் என்றாலும், இயலாமை ஓய்வூதியமாக வந்தால் சம்பளத்தின் பாதியளவுக்கு வருமான வரி இல்லை.

கொள்ளிடத்தான் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் நகரை எரித்த கேம்ப் ஃபயரில் 85 பேர் இறந்தார்கள். தீ அணைந்த பின் வீடு வீடாகச் சாம்பலைச் சலித்து எலும்புகளைத் தேடிய குழுக்களில் நானும் ஒருவன். மூன்று ஆண்டு கழித்து, கார்த்திகைத் தீபத்துக்கு வாசலில் அகல் ஏற்றிய என் மகளைப் பார்த்து நான் கத்திவிட்டேன். அதன் பிறகுதான் மனைவி என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மற்ற தொழிலாளர்கள் மன பாதிப்புக்கு இழப்பீடு கேட்டால், எல்லாக் காரணங்களிலும் வேலையே மேலோங்கியது என்று அவர்களே நிரூபிக்க வேண்டும். எஸ்.பி. 542 வந்ததால், 2020 ஜனவரி முதல், குறைந்தது ஆறு மாதம் பணியாற்றிய தீயணைப்பு வீரருக்கு வரும் பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநோய் பணியால் வந்தது என்றே கொள்ளப்படுகிறது. சம்பவம் 2018-இல், சட்டம் 2020-இல், ஆகவே பொருந்தாது என்று முதலில் எழுதினார்கள். சிறுகச் சிறுகச் சேரும் பாதிப்புக்கு, அதனால் வேலை செய்ய முடியாமல் போய், அது பணியால் வந்தது என்று தெரிந்த நாளே காயத்தின் நாள் என்று என் வழக்கறிஞர் வாதாடினார். எனக்கு அது 2021. ஏற்றுக்கொண்டார்கள். 2025-இல் காலாவதியாக இருந்த இந்தச் சட்டத்தை 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். புற்றுநோய்க்கான பிரிவுக்குக் காலக்கெடு வைக்காதவர்கள் இதற்கு மட்டும் ஏன் வைத்தார்கள் என்ற கேள்வி எனக்கு ஆறவே இல்லை.

சோலைமலை எழுதியது:

வணக்கம் அக்கா. நான் 2016-இல் சேர்ந்தவன். 2013 ஜனவரிக்குப் பின் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பெப்ரா எனும் ஓய்வூதியச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 57 வயதில்தான் 2.7 விழுக்காடு, அதுவும் உச்சச் சம்பளம் ஓராண்டினுடையது அல்ல, மூன்று ஆண்டுச் சராசரி. உங்கள் கணவர் காலத்தவர்கள் 50 வயதில் 3 விழுக்காட்டோடு வெளியேற முடிந்தது. ஆகவே நாங்கள் கூடுதலாக ஏழு ஆண்டுகள் அதே புகைக்குள் போகிறோம். ஓய்வூதியக் கணக்குப் போட்டவர்கள் இந்த ஏழு ஆண்டுகளை உடம்பின் கணக்கிலும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவருக்கு இப்போது குடலில் கட்டி என்கிறார்கள். ஓய்வுபெற்ற பின்னும் கோரிக்கை வைக்கலாமா?

வைகைக்கரையாள் எழுதியது:

வைக்கலாம், தம்பி. பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் மூன்று மாதம் வீதம், கடைசியாக வேலை பார்த்த நாளிலிருந்து எண்ணி, அதிகபட்சம் 120 மாதம் வரை இந்தப் பாதுகாப்பு நீளும். 30 ஆண்டு பணியாற்றியவர் என்றால் 90 மாதம், அதாவது ஏழரை ஆண்டு. அவர் எந்த மாதம் ஓய்வுபெற்றார் என்பதை இன்றைக்கே கேளுங்கள். தகவல் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் படிவத்தைக் கையில் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. படிவத்தை நிரப்பிக் கொடுத்த மறுநாளிலிருந்து, முடிவு வரும் வரை 10,000 டாலர் அளவுக்குச் சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியதும் அவர்கள் கடமை. அவரிடம் பழைய பதிவுகள் இல்லையென்றால் அவர் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். நாள்குறிப்போ காலண்டரோ பழைய சம்பளச் சீட்டோ, எது இருந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கொள்ளிடத்தான் தம்பிக்கு: இந்த ஆண்டு தீபத்துக்கு உங்கள் மகளோடு சேர்ந்து ஒரு விளக்காவது ஏற்ற முடிந்தால் எனக்கு எழுதுங்கள். இவருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை அடுத்த ஸ்கேன் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து, நிலையத்திலிருந்து சம்பவ அறிக்கைகளைக் கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்தின் மாதிரியை இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன்.