ஹைட்ரைடாகக் கணக்கிடப்படும் ஹைட்ரஜன் அமிலமாக நடப்பது ஏன்?

முதுகலை வேதியியல் மாணவி, மன்னார்குடி:
அனைவருக்கும் வணக்கம். கோபால்ட் டெட்ராகார்போனைல் ஹைட்ரைடில் ஹைட்ரஜனுக்கு −1 என்ற ஆக்சிஜனேற்ற எண்ணை அளித்தே, அதாவது அதை ஹைட்ரைடு (எதிர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜன்) எனக் கொண்டே, 18 எலக்ட்ரான் கணக்கை (உலோகத்தைச் சுற்றி நிலைப்பைத் தரும் 18 எலக்ட்ரான்கள் உள்ளனவா என்ற கணக்கை) போடுகிறோம். புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையிலும் அந்த ஹைட்ரஜனின் வேதி இடப்பெயர்ச்சி, அதாவது அதன் குறிகை தோன்றும் இடம், சுமார் −10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு) அருகே இருப்பதால், அதைச் சுற்றி எலக்ட்ரான் அடர்த்தி மிகுந்திருப்பதாகவே எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அச்சேர்மம் நீரில் வலிய அமிலமாக நடந்து புரோட்டானை இழந்துவிடுகிறது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

ஓய்வுபெற்ற பேராசிரியர், தஞ்சாவூர்:
கேள்வி சரியான இடத்தில் எழுந்திருக்கிறது, அம்மா. −1 என்பது நாம் கணக்கிற்காக இடும் எண்ணே தவிர, அணுவின் மீது அளந்தறிந்த மின்சுமை அன்று. கோபால்ட்டின் எலக்ட்ரான் கவர்தன்மை 1.88, ஹைட்ரஜனுடையது 2.20, வேறுபாடு சிறிதாகையால் அப்பிணைப்பு பெரும்பாலும் சகப்பிணைப்பே. எனவே ஹைட்ரஜன் எந்த வடிவில் வெளியேறும் என்பதை அறிய, அது வெளியேறிய பின் எஞ்சும் அயனி எவ்வளவு நிலைப்புடையது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கே எஞ்சுவது பத்து டி எலக்ட்ரான்களையும் நான்கு கார்போனைல் ஈனிகளையும் (உலோகத்தோடு பிணைந்த கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளையும்) கொண்ட எதிரயனி. அதற்கும் 18 எலக்ட்ரான்கள் குறையாமல் இருக்கின்றன. உலோகத்தில் சேர்ந்த மின்சுமையைக் கார்போனைல்கள் தம் பை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களில் வாங்கிக்கொள்கின்றன. அவ்வாறு வாங்கும்போது கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தளர்ந்து அதன் அதிர்வு அலையெண் தாழும். இதற்கு அகச்சிவப்பு நிறமாலையே சான்று: தனித்த கார்பன் மோனாக்சைடின் அதிர்வு அலையெண் 2143 செ.மீ.⁻¹, இந்த எதிரயனியில் அது ஏறத்தாழ 1890 செ.மீ.⁻¹ ஆகத் தாழ்கிறது.

ஒரு கார்போனைலை எடுத்துவிட்டு, எலக்ட்ரானை நன்கு வழங்குவதும் குறைவாகவே வாங்குவதுமான டிரைபீனைல் பாஸ்பீனை வைத்துப் பாருங்கள். அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் பி.கே.ஏ. மதிப்பு (இது கூடக் கூட அமிலத்தன்மை குறையும்; ஓர் அலகு என்பது பத்து மடங்கு) 8.3-இலிருந்து 15.4-க்கு ஏறுகிறது, அதாவது, ஓர் ஈனி மாறியதாலேயே அமிலத்தன்மை ஒரு கோடி மடங்கிற்கு மேல் குறைகிறது. மாணவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஒப்பீட்டை மறக்கலாகாது என்பது என் கருத்து.

ஆய்வு மாணவர், மயிலாடுதுறை:
ஐயாவின் விளக்கத்தோடு என்.எம்.ஆர். பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எதிர்க்குறி கொண்ட அந்த மதிப்பு ஹைட்ரஜனின் மின்சுமையைக் காட்டுவதன்று. பகுதி நிரம்பிய டி ஆர்பிட்டால்களைக் கொண்ட உலோகத்தில் காந்தப்புலம் தூண்டும் எலக்ட்ரான் ஓட்டமே பெரிதும் அதற்குக் காரணம். டி எலக்ட்ரானே இல்லாத சிர்கோனியத்தைப் பாருங்கள். பென்டாமெத்தில்சைக்ளோபென்டாடையீனைல் ஈனிகள் இரண்டைக் கொண்ட அதன் டைஹைட்ரைடில், ஹைட்ரஜன்கள் சுமார் +7.5 பி.பி.எம். அளவில் தோன்றுகின்றன. ஆயினும் உண்மையாகவே ஹைட்ரைடாக நடப்பவை இத்தகைய சிர்கோனியச் சேர்மங்களின் ஹைட்ரஜன்கள்தாம்: கீட்டோனின் கார்போனைல் கார்பனைத் தாக்கி அல்காக்சைடை உண்டாக்குகின்றன. சிர்கோனியத்தின் கவர்தன்மை 1.33 மட்டுமே என்பதையும் இங்கே கருத வேண்டும். ஆகவே வேதி இடப்பெயர்ச்சியின் குறியை வைத்து அமிலமா ஹைட்ரைடா என்று முடிவு செய்ய இயலாது.

மண் நுண்ணுயிரியல் ஆசிரியர், திருவாரூர்:
இது நம் வயலிலும் நடக்கும் வேதியியல் என்பதை மாணவிக்குச் சொல்ல விரும்புகிறேன். சம்பாப் பருவத்தில் நீர் தேங்கிய சேற்றில், ஆக்சிஜன் தீர்ந்த பின் மீத்தேனை ஆக்கும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன. அவற்றிலுள்ள நிக்கல்–இரும்பு ஹைட்ரஜனேஸ் நொதியில், இரும்பின் மீது ஒரு கார்பன் மோனாக்சைடும் இரண்டு சயனைடுகளும் ஈனிகளாக அமைந்துள்ளன. ஹைட்ரஜன் மூலக்கூறு அங்கே பிளவுறும்போது ஒரு பாதி புரோட்டானாக விலகுகிறது. மறு பாதி ஹைட்ரைடாக நிக்கலுக்கும் இரும்புக்கும் இடையே பாலமாக அமர்கிறது. ஆனால் அந்த ஹைட்ரைடும் பின்னர் தன் இரு எலக்ட்ரான்களை உலோகத்திடம் விட்டுவிட்டுப் புரோட்டானாகவே வெளியேறுகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பு–கந்தகக் கொத்துகளின் வழியே நொதியை விட்டுச் செல்கின்றன.