சூடான பின் ஸ்டார்ட் ஆகாத 1989 மெர்சிடிஸ் 300 இ: ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

என் பெரியப்பா வைத்திருந்த 1989-ஆம் ஆண்டு மெர்சிடிஸ்-பென்ஸ் 300 இ இப்போது என்னிடம் வந்திருக்கிறது. டபிள்யூ124 உடலமைப்பு, ஆறு சிலிண்டர் எம்103 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். இரண்டு ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்ததால் பெட்ரோலை வடித்து, ஆயில், கூலன்ட், பேட்டரி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை நானே மாற்றினேன். கார் ஓடுகிறது, ஆனால் மூன்று குறைகள் மீதமிருக்கின்றன.

காலையில் சாவியைத் திருப்பியவுடன் ஸ்டார்ட் ஆகும் இன்ஜின், நன்றாக ஓடிச் சூடான பிறகு நிறுத்தி அரை மணி நேரம் விட்டால், நெடுநேரம் சுற்றிய பிறகுதான் உயிர் பெறுகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, சில நாள்களில் ஆர்.பி.எம் 500-க்கும் 900-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. சில நாள்களில் அசையாமல் நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கும் அவ்வப்போது எரிந்து, பிறகு தானாகவே அணைந்துவிடுகிறது.

காட்டிய பணிமனையில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பங்கிட்டு அனுப்பும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர் கெட்டுவிட்டது என்றும், ஏ.பி.எஸ்ஸுக்குத் தனியாக ஒரு கண்ட்ரோல் யூனிட் வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர்கள் எதையும் அளந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே விலை மிகுந்த பாகங்கள். என்னிடம் மல்டிமீட்டர், ஸ்பேனர் தொகுதி, ஜாக் ஸ்டாண்டுகள் உள்ளன, பொறுமையும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, பாகங்களை எதைப் பார்த்து வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

எந்தப் பாகத்தையும் இப்போது வாங்காதீர்கள். மூன்று குறைகள் என்று நீங்கள் எழுதியிருப்பவை அநேகமாக இரண்டுதான். அவற்றில் ஒன்று மின்சாரத்தைச் சேர்ந்தது, மற்றொன்று பெட்ரோல் அழுத்தத்தைச் சேர்ந்தது.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். இந்தக் காரில் பேட்டரிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் தடுப்புக்கு அப்பால், தலையில் ஃபியூஸ் பொருத்திய உலோக உறையுள்ள ஒரு ரிலே இருக்கும். ஓவர்வோல்டேஜ் ரிலே என்பது அதுதான். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கட்டுப்பாடு இழந்து மின்னழுத்தம் எகிறினால், ரிலேவுக்குள் இருக்கும் சீனர் டையோடு மின்னோட்டத்தைத் தன் வழியே திருப்பி, ஃபியூஸை எரித்து, பின்னால் உள்ள எலக்ட்ரானிக் பெட்டிகளைக் காப்பாற்றும். எரிபொருள் கண்ட்ரோல் யூனிட், ஐடில் கட்டுப்பாடு, ஏ.பி.எஸ் ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் இந்த ஒரே ரிலே வழியாகத்தான் செல்கிறது. ஐடில் தள்ளாடும் நாள்களும் ஏ.பி.எஸ் விளக்கு எரியும் நாள்களும் ஒன்றாக அமைகின்றனவா என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஒன்றாக அமைந்தால் ஐயம் முதலில் இந்த ரிலே மீதே விழ வேண்டும்.

முதலில் அதன் ஃபியூஸைச் சோதியுங்கள். பிறகு உறையைக் கழற்றி, சர்க்கியூட் போர்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சூடாகிக் குளிர்ந்து வந்த சால்டர் புள்ளிகளைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட விரிசல் தெரியும். இணைப்பு ஒரு சமயம் படும், மறு சமயம் படாது; விளக்கு தானாக அணைவதன் காரணம் அதுவாக இருக்கலாம். மீண்டும் சால்டர் வைத்து ஓட்டிப் பார்ப்பது சோதனைக்குப் போதும். காரணம் உறுதியான பின் புதிய ரிலேயைப் போட்டுவிடுங்கள். காக்க வேண்டிய டையோடு இன்னும் வேலை செய்கிறதா என்பதை வீட்டில் உறுதிப்படுத்துவது எளிதன்று. மின்னழுத்தம் குறைந்தாலும் ஏ.பி.எஸ் விளக்கு எரியும் என்பதால், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி சூடான ஸ்டார்ட். உங்கள் காரில் இருப்பது போஷ் நிறுவனத்தின் கேஇ-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் தெளிப்பு அமைப்பு. இன்ஜெக்டர்கள் மின் துடிப்பால் திறப்பவை அல்ல. பெட்ரோலின் அழுத்தமே அவற்றைத் திறக்கிறது. ஓடும்போது அமைப்பின் அழுத்தம் 5.3 பாருக்கு (‘பார்’ என்பது அழுத்தத்தின் அலகு) மேல் இருக்கும். நிறுத்திய பிறகு அது இன்ஜெக்டர் திறக்கும் அளவுக்குச் சற்றுக் கீழே இறங்கி, அங்கேயே நெடுநேரம் தங்க வேண்டும். சூடான இன்ஜினின் வெப்பம் குழாய்களில் ஏறும்போது பெட்ரோல் ஆவியாகாமல் தடுப்பது இந்த எஞ்சிய அழுத்தம்தான். அது கசிந்து போனால் குழாயில் ஆவி நிறைந்து, பம்ப் அதைத் தள்ளி முடிக்கும் வரை நீங்கள் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காலையில் இன்ஜின் குளிர்ந்திருப்பதாலும், கோல்டு ஸ்டார்ட் வால்வு கூடுதலாகப் பெட்ரோல் தெளிப்பதாலும் அதே கசிவு வெளியே தெரிவதில்லை.

அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பவை முக்கியமாக மூன்று: பெட்ரோல் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்க பம்பின் வெளிமுனையில் உள்ள செக் வால்வு, ஸ்பிரிங்காலும் டயஃப்ரத்தாலும் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் ஃபியூயல் அக்யுமுலேட்டர், முன்பக்கம் உள்ள பிரஷர் ரெகுலேட்டர். 10 பார் வரை காட்டும் ஒரு கேஜ் வாங்கி, கோல்டு ஸ்டார்ட் வால்வுக்குச் செல்லும் குழாய் இணைப்பில் பொருத்துங்கள். இந்த வேலைக்கு நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறியுங்கள். வேகமாக இறங்கினால், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயை அடைத்து மீண்டும் சோதியுங்கள். இப்போது முள் நின்றால் குற்றவாளி ரெகுலேட்டர். அப்போதும் இறங்கினால் பின்பக்கம் செல்லுங்கள். பம்ப், ஃபில்டர், அக்யுமுலேட்டர் மூன்றும் காரின் அடியில், பின் அச்சுக்கு முன்னால், ஒரு காப்பு உறைக்குள் இருக்கும். அக்யுமுலேட்டரில் ஸ்பிரிங் உள்ள பக்கத்திலிருந்து வரும் சிறிய ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதில் பெட்ரோல் வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் சான்று வேண்டாம்.

ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன எதையும் அளக்காமல் அதன்மேல் பழி போடுவது தவறு. இன்னொன்று: அதற்கும் ஏர் ஃப்ளோ மீட்டருக்கும் இடையே, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை மாற்றும், 3 மி.மீ. ஆலன் கீ நுழையும் கலவைத் திருகு ஒன்று இருக்கிறது. அதை யாரும் தொட விடாதீர்கள், நீங்களும் தொடாதீர்கள். காற்றுக் கசிவையும் மின் குறையையும் அந்தத் திருகால் மறைத்து வைத்த கார்களைச் சீராக்க, மூலக் குறையைச் சரிசெய்வதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

இரண்டாம் மறுமொழி

பாகங்கள் பற்றி நான் சொல்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் பெயரைவிடப் பாகத்தின் எண் முக்கியம். மெர்சிடிஸ் எண் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கி பத்து இலக்கங்களாக வரும்; பொதுவாக முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகம் எந்த உடலுக்கோ இன்ஜினுக்கோ முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். 124 என்று தொடங்கினால் உங்கள் உடலமைப்பு, 103 என்று தொடங்கினால் உங்கள் இன்ஜின். காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்குப் பதிலாகப் பின்னாளில் வந்த எண் எது என்பதையும் கேட்டுப் பெறுங்கள். எரிபொருள் அமைப்பின் பாகங்களில் போஷ் தன் பத்து இலக்க எண்ணை உலோகத்திலேயே பொறித்திருக்கும். கழற்றிய பழைய பாகத்தில் இருப்பதையும் வாங்கப்போகும் பாகத்தில் இருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கார்களுக்கு ஆலைக்கே பாகங்கள் கொடுத்த நிறுவனங்கள் பல இன்றும் இயங்குகின்றன: எரிபொருளுக்கும் இக்னிஷனுக்கும் போஷ், ஸ்டீயரிங் மற்றும் சஸ்பென்ஷன் இணைப்புகளுக்கு லெம்ஃபோர்டர், பிரேக்குக்கு ஏடிஇ, குளிரூட்டலுக்கு பெஹ்ர் (Behr), காஸ்கெட்டுகளுக்கு எல்ரிங், விக்டர் ராய்ன்ஸ். இவர்களுடைய பெட்டியில் வரும் பாகத்தில் சில நேரம் மெர்சிடிஸின் நட்சத்திர இலச்சினை இருந்த இடம் தேய்த்து நீக்கப்பட்டிருக்கும். அது குறையன்று, ஆலைக்குச் சென்ற அதே அச்சில் வார்த்தது என்பதற்கான அடையாளம். ஃபெபி பில்ஸ்டீன் என்பதும் ஷாக் அப்சார்பர் செய்யும் பில்ஸ்டீன் என்பதும் வெவ்வேறு நிறுவனங்கள். பெயரைப் பார்த்துக் குழம்புபவர்கள் பலர்.

உடைத்து விற்கும் பழைய கார்களிலிருந்து கண்ணாடி, கைப்பிடி, உள்ளலங்காரப் பாகங்கள், உலோகத் தாங்கிகள் ஆகியவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். ரப்பர், பிரேக் ஹைட்ராலிக், பம்ப் ஆகியவற்றை எடுக்கவே கூடாது. பிரிக்காத உறையில் இருபது ஆண்டுகள் கிடந்த ‘புதிய’ ரப்பர் ஹோஸும் இருபது வயது ரப்பர்தான்.

மூன்றாம் மறுமொழி

முதல் மறுமொழியில் ரிட்டர்ன் குழாயை அடைக்கச் சொன்னதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். இடுக்கியால் ஹோஸை நசுக்கி அடைப்பது பலரின் வழக்கம். இந்த வயதுள்ள ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வெடித்திருக்கும். நசுக்கிய இடத்தில் அடுத்த வாரமே பெட்ரோல் கசியத் தொடங்கும். என் காரில் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது நடந்தது, நல்வாய்ப்பாகத் தீப்பிடிக்கவில்லை. இணைப்பைக் கழற்றி, அதற்குரிய அடைப்பானைத் திருகி அடையுங்கள்.

அடியில் படுத்து வேலை செய்யும் முன் இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் கழற்றப்பட்டிருக்க வேண்டும், கார் ஜாக் ஸ்டாண்டின் மேல் நிற்க வேண்டும். சூடாகும் பல்பு விளக்கு வேண்டாம். பெட்ரோல் ஒரு துளி பட்டு அது உடைந்தால் போதும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் குழாய்களை இணைக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டுகளின் செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். நட்டை ஒரு ஸ்பேனரால் தளர்த்தும்போது மறு பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உலோகக் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஐடில் தள்ளாடிய ஐந்து நாள்களிலும் ஏ.பி.எஸ் விளக்கு எரிந்தது. சீராக இருந்த நாள்களில் ஒருமுறைகூட எரியவில்லை. ரிலேயைத் திறந்தபோது இரண்டு சால்டர் புள்ளிகளில், நீங்கள் சொன்னபடியே, வட்ட விரிசல். புதிய ரிலே போட்ட பிறகு இரண்டு குறைகளும் திரும்பவில்லை. ஏ.பி.எஸ் கண்ட்ரோல் யூனிட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

அழுத்தம் ஓடும்போது 5.4 பார் காட்டியது. நிறுத்திய நான்கு நிமிடங்களில் முள் சுழியத்துக்கு வந்துவிட்டது. ரிட்டர்னை அடைப்பான் கொண்டு அடைத்தும் அதே வேகத்தில் இறங்கியது. அக்யுமுலேட்டரின் சிறிய ஹோஸைக் கழற்றியதும் பெட்ரோல் ஒழுகியது. எண்ணை ஒப்பிட்டு அக்யுமுலேட்டரை வாங்கினேன். அடியில் கை வைத்த பிறகு மீண்டும் படுக்க மனமில்லாமல் ஃபில்டரையும் பம்பின் செக் வால்வையும் சேர்த்தே மாற்றினேன். நேற்று ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, நாற்பது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது மட்டும் எக்ஸாஸ்டில் சில நொடிகள் நீலப் புகை வருகிறது. இதுவும் அழுத்தத்தோடு தொடர்புடையதா?

முதல் மறுமொழி எழுதியவர்

இல்லை. நீலப் புகை எரியும் ஆயிலிலிருந்து வருவது. இரவெல்லாம் நிற்கும்போது வால்வுத் தண்டுகளைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களான வால்வ் ஸ்டெம் சீல்கள் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிய ஆயில் காலையில் எரிகிறது. ரப்பர் இறுகிப்போன எம்103 இன்ஜின்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹெட்டைக் கழற்றாமலேயே, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி வால்வுகளை மேலே நிறுத்தி வைத்து சீல்களை மாற்றலாம். ஆயில் எவ்வளவு குறைகிறது என்பதை அடுத்த 1,000 கிலோமீட்டருக்குக் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கோடு ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவுகளையும், அதாவது உள்ளே எழும் அழுத்தத்தையும், எழுதுங்கள். பிஸ்டன் ரிங்குகளில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு சீல்களுக்கு வருவோம்.